மாமாவின் அம்பாசிடருக்கு இன்ஜெக்‌ஷன் வைக்கலாமா?

போன கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாமாவின் அம்பாசிடர் நின்றுபோனது. பானெட்டைத் திறந்தோம். தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினோம். பத்து நிமிடம் கழித்து வண்டி ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அம்பாசிடர் வைத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த ஈரத்துணி வைத்தியம் தெரியும். ராயபுரம் வந்து சேர்ந்ததும் மாமா கேட்டார்: “ஏன்டா, இப்ப வர்ற வண்டி எதுவும் இப்படி நிக்கிறதில்லையே. அதுல இருக்கிறதை இதுல வைக்க முடியாதா?”

முடியும். அதில் இருப்பது இன்ஜெக்‌ஷன், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எலக்ட்ரானிக் ஏற்பாடு. ஆனால் அது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம். வியாசர்பாடி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன் நான். இதுவரை இரண்டு பழைய வண்டிகளுக்கு இன்ஜெக்‌ஷன் மாற்றும் வேலையில் கை கொடுத்திருக்கிறேன். ஒன்று இன்றும் நன்றாக ஓடுகிறது. இன்னொன்றின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மாமா வண்டி 1978 மாடல், மார்க் 3. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்க எஸ்.யு. கார்புரேட்டர், மின்சாரத்துக்கு இன்னும் பழைய டைனமோதான். மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஞாயிறு திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், எப்போதாவது மீஞ்சூர் வழியாகப் பொன்னேரியில் மகள் வீடு. எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு இந்தத் தகவல்தான் முதல் அளவுகோல். தினமும் மாதவரத்திலிருந்து கிண்டிக்கு ஓட்டுகிறவருக்கு நான் வேறு பதில் சொல்வேன்.

முதலில், வண்டிக்கு என்ன நோய் என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது. டேங்க் பின்னால். அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்சித்தான் இழுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது, கூடவே இன்ஜின் சூடும் சேர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் பிசைந்துகொண்டிருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்க்கிலோ அதன் பக்கத்திலோ இருந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது, சுற்றிச் சுற்றி டேங்க்குக்கே திரும்பி வருவதால் ஒரே இடத்தில் நின்று சூடாவதும் இல்லை. மாமாவின் புகாருக்கு இது நேரான மருந்து.

இரண்டாவது நோய் பங்க்கில் இருக்கிறது. பெட்ரோல் மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்தே வந்தாலும், இப்போது பங்க்கில் ஊற்றுவது எத்தனால் 20 சதவீதம் கலந்த இ20. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இ20-க்கு சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு சுமார் 9 சதவீதம் கூடுதலாக எரிபொருள் போக வேண்டும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றும், கலவை மெலிந்துபோகும், வண்டி மிதிக்கும்போது தயங்கும், இன்ஜின் சூடேறும். ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி புகைக்குழாயை மோந்து பார்த்துத் தானே அளவைக் கூட்டிக்கொள்ளும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். காசிமேட்டுக் காற்று வீசும் தெருவில் வாரக்கணக்கில் நிற்கிற வண்டியின் இரும்பு டேங்க்குக்கு இதைவிடக் கெட்ட சகவாசம் கிடையாது.

மற்றபடி மக்கள் இன்ஜெக்‌ஷன் கேட்கும் காரணங்களில் பாதி கார்புரேட்டரின் குற்றமே அல்ல. மிஸ்ஸிங் என்பார்கள். பார்த்தால் தீப்பொறிக்கான சி.பி. பாயின்ட் கருகியிருக்கும், கன்டென்சர் செத்திருக்கும். ஐடிலிங் நிற்கவில்லை என்பார்கள். பார்த்தால் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலின் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்று இழுத்துக்கொண்டிருக்கும். ஆயில் குடிக்கிற இன்ஜினில் இன்ஜெக்‌ஷன் வைப்பது ஆக்சிஜன் சென்சாருக்குச் செய்கிற பாவம். சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்க்காமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது.

அப்புறம் மைலேஜ். இன்ஜெக்‌ஷன் வைத்தால் பெட்ரோல் மிச்சம், போட்ட பணம் திரும்பி வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப் போடுவோம். மாதம் 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 என்றால் 30 லிட்டர். பத்து சதவீதம் மிச்சமானால் 3 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் முந்நூறு ரூபாய். செலவு அறுபதாயிரம் என்று வைத்துக்கொண்டாலும் அதை எடுக்கப் பதினாறு, பதினேழு வருஷம் ஆகும். மாமாவுக்கு இப்போதே எழுபத்தொன்று.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இருக்கிற கார்புரேட்டரையே சீர் செய்து, அதைச் சுற்றியுள்ளதை நவீனமாக்குவது ஒரு வழி. எஸ்.யு. கார்புரேட்டரை நம் ஊரில் பலர் பயந்து கழற்றிப் போட்டார்கள். எனக்கு அது பிடித்த சாமான். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் தொங்கும் கூம்பான ஊசி, கீழே ஒரு ஜெட், அவ்வளவுதான். காற்று எவ்வளவு இழுக்கப்படுகிறதோ அந்த அளவுக்கு பிஸ்டன் மேலே போகும், ஊசியும் கூடவே எழும், பெட்ரோலுக்கு வழி அகலும். இ20-க்காக ஜெட்டுக்கு அடியில் உள்ள அறுமுக நட்டை ஒரு முகம், ஒன்றரை முகம் திருப்பி ஜெட்டை இறக்கினால் கலவை கெட்டியாகிவிடும். முழு வீச்சுக்கும் சரியாக வேண்டுமென்றால் ஊசியையே மாற்ற வேண்டும். மேலே பிஸ்டனை நிதானப்படுத்தும் டாஷ்பாட்டில் ஆயில் ஊற்ற மறந்துவிட்டு பிக்கப் இல்லை என்று புலம்பியவர்கள் கணக்கில்லை. என்னையும் சேர்த்து.

இதோடு டேங்க் பக்கம் குறைந்த அழுத்த எலக்ட்ரிக் பம்ப் ஒன்று வைத்தால் ஈரத்துணிக்கு வேலை இல்லை. எஸ்.யு.வின் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சுமார் 0.2 பார் வரைதான் தாங்கும். யாராவது காயலான் கடையிலிருந்து இன்ஜெக்‌ஷன் பம்பைக் கொண்டுவந்து இதில் மாட்டினால் பெட்ரோல், சிலிண்டர்களுக்குக் கலவை கொண்டுபோகும் மேனிஃபோல்டு மேலேயே வழியும். அடியில் புகைக்குழாய் தணலாக இருக்கும். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வைட்டான் ரகம். இவ்வளவு செய்தால் மாமாவின் புகார்களில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும். தீராதது ஒன்று: பெட்ரோல் மாறினால் மறுபடி ஸ்பேனர் எடுக்க வேண்டும்.

அடுத்து, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே த்ராட்டில் பாடி வைத்து, அதில் ஒன்றோ இரண்டோ இன்ஜெக்டர் வைப்பது. மேனிஃபோல்டைத் தொட வேண்டியதில்லை, போல்ட் ஓட்டைக்கு ஏற்ப ஓர் அலுமினிய அடாப்டர் கடைந்தால் போதும். என் போன்றவர்களுக்கு அரைநாள் வேலை. வெளிநாட்டில் இதற்கென்றே ரெடிமேட் கிட் விற்கிறார்கள், ஹாலி ஸ்னைப்பர் போல. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க வி8 இன்ஜின்களை மனதில் வைத்துச் செய்தவை. நம் ஐம்பது குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது அண்டாவில் காபி போடுகிற கதை. மேலே சுங்க வரி வேறு.

எவ்வளவு பெரிய இன்ஜெக்டர் வேண்டும் என்பதை நாமே கணக்கிடலாம். ஐம்பது குதிரைத்திறனில் முழு மிதியில் ஓடும் பெட்ரோல் இன்ஜின் மணிக்கு 15 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். நிமிடத்துக்கு சுமார் 255 மில்லி. இன்ஜெக்டர் எப்போதும் திறந்தே கிடக்கக் கூடாது, 80 சதவீத நேரம் திறந்திருந்தால் போதும் என்று வைத்தால் 320. இ20-க்குக் கொஞ்சம் சேர்த்து 345. இரண்டு இன்ஜெக்டர் என்றால் ஒன்றுக்கு 170, 175 மில்லி. மாருதி எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர்) வண்டியின் த்ராட்டில் பாடி 1300 சி.சி. இன்ஜினுக்கானது, நம் 1489-க்கும் ஒத்துப்போகும். புதுப்பேட்டையில் அலைந்தால் இவற்றில் முக்கால்வாசி கிடைக்கும். உயர் அழுத்த ஹோஸும் ஃபிட்டிங்கும் செம்புதாஸ் தெருவில். ஹோஸ் மேல் ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கான ஹோஸை 3 பாருக்கு நம்ப முடியாது.

இன்ஜெக்டருக்குக் கட்டளையிடும் மூளைக்கு, அதாவது கன்ட்ரோல் யூனிட்டுக்கு, மெகாஸ்குவர்ட் அல்லது ஸ்பீடுயினோ. ஸ்பீடுயினோ ஆர்டுயினோ மெகா பலகையில் ஓடுவது, வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது. ரிச்சி தெருவில் பலகை வாங்கி, சால்டரிங் தெரிந்த பையன் ஒருவன் கிடைத்தால் முடிந்தது. இன்ஜின் வேகத்தை இக்னிஷன் காயிலின் மைனஸ் முனையிலிருந்தே அதற்குக் கொடுக்கலாம். பெட்ரோல் மட்டும் மூளையின் கையில், தீப்பொறி பழையபடி டிஸ்ட்ரிபியூட்டரின் கையில். வழியில் ஏதாவது ஆனால் பிரித்துப் பார்க்கிற மாதிரி இருப்பது எனக்குப் பிடிக்கும்.

ஏன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர் வைத்து முழு எம்.பி.எஃப்.ஐ. ஆக்கக் கூடாது? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அம்பாசிடரில் அது ஏன் சரிப்படாது என்பது சிலிண்டர்களின் மேல்மூடியான இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் புரியும். இந்த பி.எம்.சி. பி-சீரிஸ் இன்ஜினில் நான்கு சிலிண்டருக்குள் காற்று போக இரண்டே வாசல். 1-க்கும் 2-க்கும் பொதுவாக ஒன்று, 3-க்கும் 4-க்கும் பொதுவாக ஒன்று. சிலிண்டர்கள் எரியும் வரிசை, ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. வரிசையை எழுதிப் பார்த்தால், 2 இழுத்து முடித்த கையோடு 1 இழுக்கிறது, 3 இழுத்த கையோடு 4 இழுக்கிறது. பிறகு அந்த வாசல் நெடுநேரம் சும்மா கிடக்கிறது. ஒரே தெருக்குழாயில் இரண்டு வீடு தண்ணீர் பிடிக்கிற மாதிரி. சும்மா இருக்கும் நேரத்தில் இன்ஜெக்டர் பீய்ச்சி வைத்த பெட்ரோலை முதலில் குடம் வைக்கிற 2-உம் 3-உம் அள்ளிக்கொண்டு போய்விடும். 1-க்கும் 4-க்கும் சொட்டுதான் மிஞ்சும். வாசலுக்கு அருகே இன்ஜெக்டர் போகப் போக இந்தச் சண்டை கூடும். தள்ளி, த்ராட்டில் பாடியில் இருந்தால் பெட்ரோலும் காற்றும் மேனிஃபோல்டிலேயே கலந்துவிடுவதால் குறையும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. இங்கிலாந்தின் மினி காரில் இருந்த ஏ-சீரிஸ் இன்ஜினுக்கும் இதே பொது வாசல்தான். 1991-இல் ரோவர் அதற்கு இன்ஜெக்‌ஷன் வைத்தபோது கார்புரேட்டர் இடத்தில் ஒரே ஒரு இன்ஜெக்டரைத்தான் வைத்தது. 1996-இல்தான் வாசலுக்கு ஒன்றாக இரண்டு வைத்தார்கள். கார் கம்பெனியே அவ்வளவு யோசித்த இடத்தில் நாம் நான்கு இன்ஜெக்டரோடு போய் நிற்க வேண்டாம். பத்மினியோ கான்டெஸாவோ வைத்திருப்பவர்கள் தங்கள் ஹெட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். நான் சொல்வது அம்பாசிடரின் 1489-க்கு.

கடைசி வழி, இன்ஜினையே மாற்றுவது. 1992-இலிருந்து அம்பாசிடரில் வந்த 1817 சி.சி. இசுசு இன்ஜினுக்குப் பின்னாளில் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. கியர்பாக்ஸோடு எடுத்துப் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும், ஓட்ட சுகம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்ற வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னதும், “அப்ப அது எங்கப்பா வாங்கின வண்டி இல்லையேடா” என்றார். இந்த வழி அங்கேயே முடிந்தது.

ஆர்.சி. பேச்சு வந்ததால் இன்னொன்று. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். சேஸி, பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். மாமா வண்டிக்கு 2028-இல் ஐம்பது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். பொன்னேரிக்கு மகள் வீட்டுக்குப் போகிறவருக்கு இது சரிப்படுமா என்பது அவர் பாடு. இருந்தாலும் அந்தக் கதவை நாமே ஆணி அடித்து மூடக் கூடாது. அதனால் எதைச் செய்தாலும் திருப்பக் கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஓட்டை போடக் கூடாது, அறுக்கக் கூடாது, கழற்றியதை எல்லாம் பெட்டியில் கட்டி வைக்க வேண்டும்.

இப்போது அந்த இன்னொரு வண்டியின் கதை. பெரம்பூர் நண்பர் ஒருவரின் அம்பாசிடர். த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், எல்லாம் நன்றாகவே வைத்தோம். தெருவில் அருமையாக ஓடும், மெயின் ரோட்டில் திடீர் திடீரென்று ஆஃப் ஆகும். சென்சார் மாற்றினோம், பம்ப் மாற்றினோம், மூன்று வாரம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கூடவே சுற்றினேன். கடைசியில் கண்டுபிடித்தது அவருடைய பத்து வயது மகள். “அப்பா ஹாரன் அடிச்சாதான் நிக்குது.” உண்மைதான். கன்ட்ரோல் யூனிட்டின் எர்த்தும் ஹாரனின் எர்த்தும் பாடியில் ஒரே போல்ட்டில். அந்த போல்ட் உப்புக் காற்றில் துரு ஏறி அரைகுறையாகப் பிடித்திருந்தது. ஹாரன் இழுக்கும்போது யூனிட்டுக்கு எர்த் ஆடிப்போய், அது தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. பேட்டரி மைனஸிலிருந்து நேராகத் தனிக் கம்பி இழுத்த அன்று தீர்ந்தது. அதே வண்டியில் பிளக் வயரும் பழைய தாமிரக் கம்பி ரகம். அதன் மின் இரைச்சலில் யூனிட்டின் வேகக் கணக்கு தாறுமாறாக ஏறி இறங்கியது. ரெசிஸ்டர் வயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போட்டதும் அடங்கியது.

கார்புரேட்டருக்குப் பதில் மின்சாரத்தை நம்பப் போகிறோம் என்பதுதான் இங்கே விஷயம். அம்பாசிடரின் பலவீனமே அங்கேதான். டைனமோ முழு வேகத்தில் சுமார் 22 ஆம்பியர் கொடுக்கும், ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஹெட்லைட் 7, 8. உயர் அழுத்த பம்ப் 5, 6. காயில் 3, 4. சென்சார் ஹீட்டர், இன்ஜெக்டர், வைப்பர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மழை இரவில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் டிராஃபிக்கில் நின்றால் பேட்டரி வடிந்து பம்ப் நின்றுவிடும். ஈரத்துணி அதற்கு உதவாது. டைனமோவை எடுத்துவிட்டு, ஐடிலிங்கிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போடாமல் இன்ஜெக்‌ஷன் வேண்டவே வேண்டாம். கன்ட்ரோல் யூனிட்டைக் கால் வைக்கும் இடத்தில் பொருத்தவும் கூடாது. மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் சீட் மட்டத்துக்கு வந்தது.

பம்ப் எதுவானாலும் இன்ஜின் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ரிலே, கூடவே இடித்தால் துண்டிக்கும் சுவிட்ச். இந்த இரண்டையும் வைக்காத பட்டறைக்கு நான் வண்டி விட மாட்டேன்.

இன்னொரு சங்கதியும் பலருக்குத் தெரிவதில்லை. கார்புரேட்டரில் ஃப்ளோட் கிண்ணம் ஒரு சேமிப்பு. டேங்க் கால்வாசி இருக்கும்போது வளைவில் பெட்ரோல் ஒதுங்கி, குழாய் ஒரு கணம் காற்றை இழுத்தாலும் கிண்ணத்தில் இருப்பது சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தக் கணமே வண்டி குலுங்கும். அதனால் முன்னால் ஒரு லிட்டர் பிடிக்கும் சின்னத் துணை டேங்க் வைத்து, குறைந்த அழுத்த பம்ப் அதை நிரப்ப, உயர் அழுத்த பம்ப் அதிலிருந்து எடுக்க வேண்டும். கவனித்தீர்களா? கார்புரேட்டர் வழியில் நாம் வாங்கிய அதே குறைந்த அழுத்த பம்ப்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

இதைப் பார்த்தபிறகுதான் என் முடிவு தெளிவானது. ஆல்டர்னேட்டர், புது எர்த் கம்பிகள், எலக்ட்ரானிக் இக்னிஷன், வைட்டான் ஹோஸ், டேங்க் சுத்தம், குறைந்த அழுத்த பம்ப். இவை எல்லாம் இன்ஜெக்‌ஷன் வைத்தாலும் வேண்டும், வைக்காவிட்டாலும் வேண்டும். இவற்றுக்குப் போடும் ஒரு ரூபாயும் வீணில்லை. இவ்வளவையும் முடித்து எஸ்.யு.வோடு ஒரு கத்திரி முழுக்க ஓட்டிப் பார்ப்பது. அதற்குப் பிறகும் மாமாவுக்குக் குறை இருந்தால் த்ராட்டில் பாடி. தினமும் ஓட்டுகிறவராக இருந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடச் சொல்வேன். இடையில் நிறுத்த அவருக்கு நேரம் இருக்காது, இ20-ஐத் தானாகச் சமாளிக்கும் வண்டி அவருக்குத்தான் தேவை.

தை பிறந்ததும் வேலையை ஆரம்பித்தோம். எங்கள் மெக்கானிக் பாய் டேங்க்கை இறக்கியபோது உள்ளே இருந்து ஒரு டம்ளர் துருச் சேறு வந்தது. மூன்று முறை கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்: “பாய், டேங்க் எப்படியும் கீழே இருக்கு. ரிட்டர்ன் லைனுக்கு ஒரு நிப்பிள் மட்டும் இப்பவே பத்தவெச்சிடுங்க.” டேங்க் மட்டும் என் திருப்பக்கூடிய சட்டத்துக்கு விலக்கு, அது சேஸியும் இல்லை, இன்ஜினும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டறையில் கடைந்த பித்தளை மூடி ஒன்றைப் போட்டு அதை அடைத்தோம்.

டேங்க் மேலே ஏறும்போது மாமா குனிந்து பார்த்தார். “இது எதுக்குடா?”

“கத்திரி முடியட்டும் மாமா, சொல்றேன்.”